மெத்தனால்: ஒவ்வொரு பேரலுக்கும் கணக்கு வேண்டும்

2023 மே மாத நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே நீளும் கடற்கரையிலும் அதன் உட்பகுதியிலும் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூரை அடுத்த பெருங்கரணை, பேரம்பாக்கம் பகுதிகளிலும் பாக்கெட்டில் விற்கப்பட்ட திரவத்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தித்தாள்கள் அதைக் ‘கள்ளச்சாராயச் சாவு’ என்றே எழுதின. ஆனால், தடய அறிவியல் ஆய்வுக்குப் பிறகு அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு வெளியிட்ட விளக்கம் வேறாக இருந்தது. அவர்கள் குடித்தது காய்ச்சி வடித்த சாராயம் அன்று. ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற நச்சு வேதிப்பொருள் என்றார் அவர். சென்னைப் புறநகரின் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து அது கைமாறி வந்ததாக விசாரணை தெரிவித்தது. வழக்கு சிபிசிஐடி பிரிவுக்கு மாற்றப்பட்டது.

அந்த ஒரு விளக்கம் நிகழ்வின் தன்மையையே மாற்றிவிடுகிறது. சாராயம் என்றால் அது மதுவிலக்குக் காவல்துறையின் வேலை. மெத்தனால் என்றால் அது ஓர் ஆலை விபத்து. ஆலையின் சுற்றுச்சுவரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பல நாட்கள் கழித்து நிகழ்ந்த ஆலை விபத்து. அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே பொருள் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆகவே இந்தப் பொருள் எது, இதை எவ்வாறு கையாள வேண்டும், நஞ்சு உடலுக்குள் சென்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும், இது வெளியே கசியாமல் தடுக்கும் கணக்கு எங்கே தவறுகிறது என்பவற்றை வரிசையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெத்தனால் என்பது என்ன?

ஆல்கஹால் குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர் மெத்தனால். முற்காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்தெடுத்ததால் இதற்கு மரச்சாராயம் என்ற பெயரும் உண்டு. 1923-இல் ஜெர்மனியின் லொய்னா நகரில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் இதை வாயுக்களிலிருந்து பேரளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, உலகின் அடிப்படை வேதிப்பொருள்களுள் ஒன்றாக இது மாறிவிட்டது. ஒட்டுப்பலகைப் பிசினுக்கு வேண்டிய ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், பெயின்ட் தின்னர், பயோடீசல், மருந்து மூலப்பொருள்கள் எனப் பலவற்றுக்கும் மெத்தனால் தேவை. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியை மேற்காசிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. ‘மெத்தனால் பொருளாதாரம்’ என்ற பெயரில் இதை எரிபொருளாகவும் பயன்படுத்தும் திட்டத்தை நிதி ஆயோக் சில ஆண்டுகளாகவே முன்வைத்து வருகிறது. ஆகவே இப்பொருளைத் தடைசெய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற வழி நமக்கு இல்லை.

தோற்றத்தில் இது தண்ணீர்போல நிறமற்றது. மணமும் சுவையும் எத்தனாலை ஒத்தவை. அதாவது, குடிப்பவரால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது. தீக்குச்சியைக் காட்டி, எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்லும் நாட்டுப்புறச் சோதனையும் பயனற்றது, இரண்டுமே எரியும். வெல்லம், பழம் போன்றவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சும்போது கூட்டம் கூட்டமாக மக்களைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. அவ்வளவு மெத்தனால் ஒரு கிராமத்துக்குள் வந்திருந்தால், ஏதோ ஓர் ஆலையிலிருந்தோ கிடங்கிலிருந்தோ வந்தது என்றே பொருள்.

ஆலைக்குள் கையாளும் முறை

மெத்தனாலுக்கு ஆலைக்குள் இரண்டு முகங்கள் உண்டு: தீ, நஞ்சு.

இதன் கொதிநிலை 64.7 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 11 டிகிரியிலேயே தீப்பற்றப் போதிய ஆவியை வெளியிடத் தொடங்கிவிடும். செங்கல்பட்டின் மார்கழிக் குளிர்கூட இந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே இங்கே திறந்திருக்கும் ஒவ்வொரு மெத்தனால் பேரலும் ஆண்டு முழுவதும் தீப்பற்றும் நிலையிலேயே இருக்கிறது. காற்றில் இதன் ஆவி 6 முதல் 36 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றும். இது மிக அகன்ற எல்லை. தண்ணீர் கலந்து நீர்த்துப்போன மெத்தனாலும் எரியக்கூடியதுதான். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இதன் சுடர் வெளிர்நீலமாக இருப்பதால் பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே. காற்று அலையலையாக நடுங்குவதும் முகத்தில் வெப்பம் அறைவதும் மட்டுமே அறிகுறிகள்.

ஆகவே, சேமிக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். பேரலிலிருந்து மற்றொரு கலனுக்கு ஊற்றும்போது இரு கலன்களையும் கம்பியால் இணைத்து, நில இணைப்பும் கொடுக்க வேண்டும். இல்லையெனில் ஓடும் திரவத்தில் உண்டாகும் நிலைமின்சாரப் பொறியே போதும். தீப்பொறி எழாத கருவிகள், வெடிப்புக் காப்புள்ள விளக்குகள், கசிந்தால் தேக்கிவைக்கச் சுற்றிலும் தடுப்புச் சுவர் ஆகியவை அடிப்படைத் தேவைகள். குளோரேட், பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளை அருகில் வைக்கக் கூடாது.

நஞ்சாக இது வாய்வழி மட்டும் நுழைவதில்லை. மூச்சுவழியும் தோல்வழியும் நுழையும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு. நாசிக்கு எட்டும் முன்பே காற்றில் ஆவி இந்த வரம்பைக் கடந்திருக்கலாம் என்பதால் ‘வாடை வரவில்லை’ என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. சாதாரணக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகமூடியை மெத்தனால் ஆவி விரைவில் ஊடுருவிவிடும். ஆவி மிகுந்த இடத்தில் வெளியிலிருந்து காற்று வழங்கும் சுவாசக் கருவியே வேண்டும். கைகளுக்கு பியூட்டைல் ரப்பர் உறைகள் ஏற்றவை. தொட்டிக்குள் இறங்கித் துப்புரவு செய்வதற்கு முன் காற்றை அளந்து பார்ப்பதும், வெளியே ஒருவர் காவலாக நிற்பதும் கட்டாயம்.

கசிவு ஏற்பட்டால், தீமூட்டக்கூடிய அனைத்தையும் அணைத்துவிட்டு, குறைந்தது 50 மீட்டர் சுற்றளவில் ஆட்களை அகற்ற வேண்டும். மணல் அல்லது மண்ணால் உறிஞ்சவைத்து, மூடக்கூடிய கலனில் அள்ள வேண்டும். சாக்கடையில் கழுவிவிடுவது தீயைத் தெருவுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். டேங்கர் லாரி தீப்பிடித்தால் 800 மீட்டர் வரை மக்களை விலக்குவது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். லாரியின் பின்புறப் பலகையில் காணும் 1230 என்ற ஐக்கிய நாடுகள் எண் மெத்தனாலைக் குறிக்கும். சாதாரண நுரை ஆல்கஹாலில் கரைந்துபோகும். ஆல்கஹாலைத் தாங்கும் சிறப்பு நுரையே பயன்தரும். தோலில் பட்டால் நனைந்த உடையை உடனே களைந்து, கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்களாவது கழுவ வேண்டும்.

காலி பேரலைப் பற்றியும் ஒரு சொல். வேதிப்பொருள் ஆலைகளிலிருந்து வரும் காலி பேரல்கள் நம் ஊர்களில் தண்ணீர் பிடித்துவைக்க விற்கப்படுவதைப் பார்க்கிறோம். மெத்தனால் இருந்த பேரலின் அடியில் தங்கும் சிறு மிச்சமே, வெட்டவோ பற்றவைக்கவோ முற்படும்போது வெடிக்கப் போதுமானது. காலி பேரலும் நிறைந்த பேரலுக்குரிய கவனத்துடனே கையாளப்பட வேண்டும்.

உடலுக்குள் நிகழ்வது

மெத்தனாலின் நச்சுத்தன்மை பெரிதும் அது கல்லீரலில் அடையும் மாற்றத்தால் விளைகிறது. கல்லீரலில் உள்ள நொதி ஒன்று அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அது விரைவிலேயே ஃபார்மிக் அமிலம் ஆகிறது. இந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது, விழி நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன.

இந்த மாற்றம் நிகழ நேரம் பிடிக்கிறது என்பதில்தான் ஆபத்தும் வாய்ப்பும் ஒருங்கே உள்ளன. குடித்தவருக்கு முதலில் வழக்கமான போதை மட்டுமே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி எதுவும் தெரியாமல் இருக்கலாம். இடையில் எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். பிறகு தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றும். பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் கண் மங்கும். இந்த நிலையில் வீட்டார் ‘குடி அதிகமாகிவிட்டது, தூங்கினால் சரியாகும்’ என்று படுக்கவைத்தால் உயிர் தப்பும் வாய்ப்பு தூக்கத்திலேயே நழுவிவிடும்.

செய்ய வேண்டியது தெளிவானது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாந்தியை வலிந்து வரவழைக்கக் கூடாது. வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. மிச்சமுள்ள பாக்கெட்டையோ பாட்டிலையோ பத்திரமாக மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடன் சேர்ந்து குடித்த அனைவரும், உடல்நலத்துடன் இருப்பதாக உணர்ந்தாலும், அதே வண்டியிலோ அடுத்த வண்டியிலோ செல்ல வேண்டும். எளிதில் காப்பாற்றத்தக்கவர்கள் அவர்களே. மருத்துவர்களும் பொதுமக்களும் ஆலோசனை பெற, புதுதில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

மருத்துவமனையில் சிகிச்சையின் தத்துவம் எளியது: அந்தக் கல்லீரல் நொதியைத் தடுத்துவிட்டால் மெத்தனால் நஞ்சாக மாறாது. ஃபோமெபிசோல் என்ற விஷமுறிவு மருந்து இதைச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013 முதல் இடம்பெற்றுள்ளது. அது இல்லாத இடத்தில் மருத்துவத் தரமுள்ள எத்தனாலை அளந்து கொடுப்பதும் ஏற்கப்பட்ட முறை. நொதி எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும் என்பதால் மெத்தனால் மாறாமல் நிற்கும். ஆனால், இது இரத்த அளவைக் கண்காணித்தபடி மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியது. இதைக் கேள்விப்பட்டு வீட்டில் மது ஊற்றிக்கொடுப்பது கொலைக்குச் சமம். இத்துடன், அமிலத்தைச் சமன்செய்ய சோடியம் பைகார்பனேட், ஃபார்மிக் அமிலத்தை விரைந்து சிதைக்க ஃபோலினிக் அமிலம், நஞ்சையும் அமிலத்தையும் ஒருசேர வெளியேற்ற டயாலிசிஸ் ஆகியவை தேவைப்படும்.

முதல் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் மெத்தனாலை ஐயுறுகிறாரா என்பதே பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. மங்கும் பார்வையும் அமிலமான இரத்தமும் சேர்ந்து ஒருவரிடம் காணப்பட்டால் ஐயுற வேண்டும். இருவரிடம் காணப்பட்டால் ஊருக்கே அறிவிக்க வேண்டும். 2023-இலும் 2024-இலும் முதல் மரணங்களுக்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த இடைவெளியில் அதே சரக்கைக் குடித்தவர்களும், அறிகுறிகள் தோன்றாமல் வீட்டில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டு வலைகள், ஒரே ஓட்டை

கல்லூரியில் பொருளியல் பயிற்றுவித்த காலத்தில் ‘புறவிளைவு’ என்ற கருத்தை விளக்க ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆலைக்கு இலாபம், அண்டை வீட்டாருக்கு இருமல் என்றால் மாணவர்களுக்கு உடனே விளங்கும். இன்று வகுப்பெடுத்தால் மெத்தனால் பேரலையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கணக்குக்கு வெளியே விற்கும் ஒருவருக்குக் கிடைக்கும் இலாபம் சில ஆயிரம் ரூபாய். ஒரு பேரலின் கொள்ளளவு 200 லிட்டர். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு 30 மில்லி என்று கொண்டால், ஒரு பேரலில் 6,600-க்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு பெரிய சமூகச் செலவை உண்டாக்கும் பொருள்கள் மிகச் சிலவே.

இந்தப் பேரலை நம் சட்டங்கள் ஏன் பார்ப்பதில்லை? இரண்டு வலைகள் விரிக்கப்பட்டுள்ளன. முதலாவது, ஆலைப் பாதுகாப்பு வலை. 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான விதிகளும், 1996-இல் வேதிப்பொருள் விபத்துகளுக்கான நெருக்கடிகால விதிகளும் வந்தன. ஆலைக்குள் ஒரு திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் திட்டம், ஒத்திகைகள் எனப் பயனுள்ள பல ஏற்பாடுகளை அவை கொண்டுவந்தன. ஆனால், அவற்றின் கடுமையான கடமைகள் ஓரிடத்தில் டன் கணக்கில் சேமிப்பவர்களுக்கே பொருந்தும். ஒரு பேரல் மெத்தனாலின் எடை ஏறக்குறைய 158 கிலோ. வெடிப்பையும் பெருங்கசிவையும் மனத்தில் கொண்டு பின்னப்பட்ட அந்த வலையில் பேரல் சிக்குவதில்லை.

இரண்டாவது, வணிகக் கணக்கு வலை. சரக்கு மற்றும் சேவை வரி முறையில் பொருள் நகர்வைப் பதிவுசெய்யும் இ-வே பில், மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குமே பொதுவாகத் தேவை. பேரலின் விலையோ சில ஆயிரங்களில் அடங்கிவிடும். ஒரு சிறு வண்டியில் சில பேரல்களை ஏற்றினாலும் வரம்பு எட்டப்படாது. எடையால் அளக்கும் வலையிலும் விலையால் அளக்கும் வலையிலும் ஓட்டை பேரலைவிடப் பெரிதாக இருக்கிறது.

மெத்தில் ஆல்கஹாலின் பெயரையே தலைப்பில் தாங்கிய மதுவிலக்கு விதிகள் தமிழ்நாட்டில் 1959-இலேயே வந்துவிட்டன. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024 ஜூனில் சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை தண்டனையைக் கடுமையாக்கியது. தண்டனை தேவையே. ஆனால், தண்டனை செயல்படுவது உயிர்கள் போன பிறகு. அச்சுறுத்தலின் வலிமை தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடும் வாய்ப்பையே பெரிதும் சார்ந்தது என்பது குற்றப் பொருளியலில் நிலைபெற்ற ஒரு முடிவு. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் பாக்கெட் வியாபாரிக்குத் தான் விற்பது எது என்றே தெரியாமல் இருக்கலாம். முதல் கண்ணியில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். அங்கேதான் பிடிபடும் வாய்ப்பைக் கூட்ட வேண்டும்.

இது நமக்கு மட்டுமேயான நோய் அன்று. 2001-இல் எஸ்டோனியாவின் பார்னு நகரப் பகுதியில் 68 பேர் இறந்தது திருடப்பட்ட ஆலை மெத்தனாலால். 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் கிடங்கிலிருந்து கடத்தப்பட்ட மெத்தனாலே. குஜராத்தில் முழு மதுவிலக்கு. எஸ்டோனியாவில் மது தாராளம். தமிழ்நாட்டில் அரசே சில்லறை வியாபாரி. மூன்றிலும் மக்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே, மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தோடு இதை முடிச்சுப்போட வேண்டியதில்லை. மூன்று இடங்களுக்கும் பொதுவானது, இருப்புக் கணக்கிலிருந்து யாரும் அறியாமல் வெளியேறிய பேரல்.

செங்கல்பட்டு செய்யக்கூடியது

2019-இல் உருவான செங்கல்பட்டு மாவட்டம் இதற்கு முன்னோடியாக அமையத் தகுதி படைத்தது. திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் மருந்து ஆலைகளுக்கென்றே அமைந்த தொழிற்பேட்டை இருக்கிறது. மறைமலைநகர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழில்கள் உள்ளன. கரைப்பான்களும் தின்னர்களும் இத்தொழில்களின் அன்றாடப் பொருள்கள். மறுபுறம், மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரையிலான ஊர்களுக்கு நெருக்கடிகாலத் திட்டம் உண்டு. யார் யாரை எச்சரிப்பது, எங்கே மக்களைத் திரட்டுவது, அயோடின் மாத்திரையை யார் வழங்குவது என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டு, மாவட்ட நிர்வாகம் ஒத்திகையும் பார்க்கிறது. ஒத்திகை பார்த்த ஆபத்து இதுவரை வரவில்லை. அதே மாவட்டத்தில் ஒத்திகை பார்க்காத ஆபத்து வந்து உயிர்களைப் பறித்துச் சென்றது. அணுமின் நிலையத்துக்குக் காட்டும் ஒழுங்கில் ஒரு சிறு பங்கை மெத்தனாலுக்கும் காட்டினால் போதும்.

முதலில், கணக்கு. எந்த உற்பத்திக்கும் இத்தனை கிலோ பொருளுக்கு இத்தனை லிட்டர் மெத்தனால் என்ற வீதம் உண்டு. ஆவியாகும் இழப்புக்கும் ஒரு நியாயமான வரம்பு உண்டு. வாங்கியது, பயன்படுத்தியது, மிஞ்சியது ஆகிய மூன்றையும் இந்த வீதத்தோடு மாதந்தோறும் ஒப்பிட்டால், காணாமற்போன பேரல் தாளிலேயே தெரிந்துவிடும். இதற்கு ஆலை வாசலில் காவலரை நிறுத்த வேண்டியதில்லை. விலைப்பட்டியல்கள் ஏற்கெனவே வரித்துறையிடம் உள்ளன. உரிமம் வழங்கும் துறையும் தொழிற்சாலைகள் ஆய்வுத் துறையும் அவற்றைப் பார்க்க வழி செய்தால் போதும். மெத்தனாலுக்கு மட்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவாயினும் இ-வே பில் கட்டாயம் என்று ஆக்குவது சிறு திருத்தமே.

இரண்டாவது, பேரல். ஒவ்வொரு பேரலுக்கும் எண் பொறித்து, அதன்மீது ஒரு முன்வைப்புத் தொகை வசூலிக்கலாம். காலி பேரல் திரும்பினால் தொகையும் திரும்பும். சோடா பாட்டிலுக்கு நம் பெட்டிக்கடைகள் அறிந்திருந்த முறைதான் இது. பேரல் திரும்பாவிட்டால் கேள்வி எழும்.

மூன்றாவது, கசப்பு. தின்னர் போன்ற பயன்பாடுகளுக்குச் செல்லும் மெத்தனாலில் குடிக்க இயலாத அளவு கசப்பூட்டும் பொருளையும் நிறத்தையும் கலக்கலாம். தூய்மை தேவைப்படும் மருந்து ஆலைகளுக்கு இது பொருந்தாது. எனவே இதைக் கணக்குக்கு மாற்றாகக் கருதக் கூடாது, துணையாகவே கொள்ள வேண்டும். சிறு ஆலைகளுக்கு இவையெல்லாம் கூடுதல் சுமை என்ற மறுப்பு எழும். அது நியாயமான கவலை. ஆகவேதான் மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் முடியும் கணக்கைக் கேட்கிறேன். பத்து அலுவலகங்களுக்குப் பத்துப் படிவங்களைக் கேட்கவில்லை.

நான்காவது, மருந்து. விஷமுறிவு மருந்து, ஃபோலினிக் அமிலம், பைகார்பனேட் அடங்கிய தொகுப்பு ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படுவோரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பிற பெரிய மருத்துவமனைகளுக்கோ பகிர்ந்தனுப்பும் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 2012-இல் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மது பரவியபோது, அரசு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹால் கொண்ட மதுவகைகளின் விற்பனையை நாடு முழுவதும் உடனே நிறுத்தியது; ஃபோமெபிசோல் நார்வேயிலிருந்து தருவிக்கப்பட்டது. மருந்து தங்களிடம் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்பதையாவது அறிந்திருந்தார்கள். இதற்கு ஆகும் செலவை எண்ணித் தயங்குவோருக்கு ஒரு கணக்கு: 2023, 2024 நிகழ்வுகளில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிதியுதவி அறிவிக்கப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அத்தொகை மட்டுமே 8 கோடியைத் தாண்டும். உழைப்பவர் ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் வருமானமும், பார்வை இழந்து பிழைத்தவர்களின் பராமரிப்பும் இதில் சேரவில்லை.

ஐந்தாவது, நம்பிக்கை. குடித்தவர்கள் காவல்துறைக்கு அஞ்சியும் வெட்கப்பட்டும் மறைக்கிறார்கள். நஞ்சு உறுதியான அந்த மணி நேரத்திலேயே, ‘குடித்த எவர்மீதும் வழக்கு இல்லை, அனைவரும் மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்று மாவட்ட ஆட்சியரின் பெயரில் ஒலிபெருக்கி ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். கிராமச் செவிலியரும் ஊராட்சியும் மீனவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் வீடு வீடாகச் செல்ல வேண்டும். இதற்கான அறிவிப்பு வாசகமும் பொறுப்பாளர் பட்டியலும் புயல் எச்சரிக்கையைப்போல முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். குடியைப் பற்றிய அறிவுரையை அந்த இரவு தாண்டியபின் சொல்லிக்கொள்ளலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமும் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், ஏற்கெனவே அறிந்த மருந்தை உரிய இடத்தில் வைப்பதுமே வேலை. அடுத்த மாவட்ட நெருக்கடிகால ஒத்திகையின் பட்டியலில் மெத்தனாலையும் ஓர் இனமாகச் சேர்த்து, தொழிற்பேட்டையின் இருப்புப் பதிவேட்டிலிருந்து வட்ட மருத்துவமனையின் மருந்து அலமாரி வரை ஒருமுறை சரிபார்க்கும்படி மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன். எத்தனை பேரல் உள்ளே வந்தது, எத்தனை பேரலுக்குக் கணக்கு இருக்கிறது என்ற கேள்வியிலிருந்தே அந்தச் சரிபார்ப்பு தொடங்கட்டும்.